1,200 மீட்டர் குதிரையை 40 கிலோமீட்டருக்குப் பழக்க முடியுமா?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் வைத்துவிடுகிறேன். சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடலில் ஓடி ஓய்வுபெற்ற எட்டு வயது தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்) ஒன்றை ஒருவருடைய மகள் இங்கே ஒரு குதிரையேற்றப் பள்ளியில் ஓட்டுகிறாள். பந்தயக் காலத்தில் அது 1,200 மீட்டர் குதிரை. நிதானமாக நெடுநேரம் ஓட்டிப் பழக்கினால் அதன் தசை உண்மையிலேயே மாறுமா, அல்லது பிறந்தபோதே முடிவான விஷயமா? என்றைக்காவது மலேசியாவில் 40 கிலோமீட்டர் எண்டூரன்ஸ், அதாவது நெடுந்தூரச் சவாரிக்கு அதைத் தயார்செய்ய முடியுமா? தாத்தா கொள்ளு கொடுக்கச் சொல்கிறார், கொடுக்கலாமா? டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறார்கள், அதற்குள் செய்ததெல்லாம் வீணாகிவிடுமா?

நான் பந்தய லாயங்களில் மருத்துவப் பக்கம் வேலை பார்த்தவன். தசை மாறும், அதுவும் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரமாகவே மாறும். உங்கள் கவலை வேறு இரண்டின் மேல் இருக்க வேண்டும். தசை தயாராகும் வேகத்துக்குக் கால்கள் தயாராகாது. அடுத்தது, சிங்கப்பூரின் வெக்கை.

குதிரையின் எடையில் ஏறக்குறையப் பாதி தசைதான். தரோபிரெட்டில் பாதிக்குச் சற்று மேலேயே இருக்கும். உடலை முன்னே தள்ளுவது பின்பக்கம், அதிலும் குறிப்பாகப் பிட்டத்தின் நடுத்தசை. பயிற்சியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இந்த ஒரு தசையிலிருந்து வந்தது. 1970களில் சுவீடனில் ஆர்னே லிண்ட்ஹோல்மும் உடன் வேலை செய்தவர்களும், மனிதர்களின் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுக்கப் பயன்பட்ட பெர்க்ஸ்ட்ரோம் ஊசியைக் குதிரைக்கும் பயன்படுத்தினார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு துண்டை எடுத்தால் போதும். அதே குதிரையிடம் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடலாம். குதிரையைக் கொல்லாமல் அதன் தசைக்குள் பார்க்க அதன்பிறகுதான் முடிந்தது.

அந்தத் துணுக்கில் மூன்று வகை இழைகள் தெரியும். டைப் 1 மெதுவாகச் சுருங்கும், ஆக்ஸிஜனைக் கொண்டே வேலை செய்யும், எளிதில் களைக்காது. டைப் 2எக்ஸ் மின்னலாகச் சுருங்கும், பெரிய விசை தரும், சீக்கிரம் சோர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் டைப் 2ஏ. வேகமும் உண்டு, ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறனும் உண்டு. குதிரையின் தனி இழைகளை எடுத்து அளந்தபோது, 2எக்ஸ் இழை டைப் 1 இழையைவிடப் பத்து மடங்கு அளவுக்கு வேகமாகச் சுருங்கியது.

எந்த வகை எவ்வளவு என்பதில் பிறப்பின் பங்கு பெரியது. தரோபிரெட்டின் பிட்டத்துத் தசையில் டைப் 1 இழைகள் நூற்றுக்குப் பத்து, பதினைந்து என்ற அளவில்தான் இருக்கும். அரபுக் குதிரையில் அதைவிட நன்றாகவே கூடுதல். எண்டூரன்ஸ் பந்தயங்களில் எங்கு பார்த்தாலும் அரபு இரத்தம் தெரிவதற்கு இது ஒரு காரணம். தரோபிரெட்டுக்குள்ளேயும் வித்தியாசம் உண்டு. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் மரபணுவில் ஓர் எழுத்து சி-யா, டி-யா என்பதைப் பொறுத்து, ஒரு குதிரை குறுந்தூரத்தில் சிறக்குமா, நடுத்தூரத்திலா, நெடுந்தூரத்திலா என்று ஓரளவு கணிக்கலாம் என 2010-இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் எமலின் ஹில் குழு காட்டியது. இரண்டு பிரதியும் சி என்றால் பெரும்பாலும் குறுந்தூரம், இரண்டும் டி என்றால் நெடுந்தூரம், ஒன்றொன்று என்றால் நடுவில். உங்கள் குதிரை 1,200 மீட்டரில் பேர்வாங்கியது என்றால் சி பக்கம் சாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக இப்போது பணம் கொடுத்துச் சோதிக்க வேண்டாம். பதில் எதுவானாலும் நீங்கள் செய்யப்போகும் வேலை ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறுந்தூரக் குதிரை என்றதும் அது ஆக்ஸிஜனே இல்லாமல் ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1,200 மீட்டர் பந்தயம் ஒரு நிமிடம் பத்து விநாடிச் சொச்சத்தில் முடிந்துவிடும். அந்தக் குறுகிய நேரத்திலும் பாதிக்கு மேற்பட்ட ஆற்றல் ஆக்ஸிஜன் வழியாகவே வருகிறது. ஆக உங்கள் மகள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கவில்லை.

இனி, பயிற்சி என்ன செய்கிறது என்று பார்ப்போம். இழைகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. ஓர் உணவங்காடி நிலையத்தில் கடைகளின் எண்ணிக்கையைத் தொடாமல் ஒவ்வொரு கடைக்குள்ளும் அடுப்புகளைப் பெருக்கி, சாமான் வந்திறங்கும் வழிகளையும் கூட்டினால் எப்படியோ அப்படித்தான். அடுப்பு என்பது மைட்டோகாண்ட்ரியா, செல்லுக்குள் ஆக்ஸிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் இடம். வழி என்பது ஒவ்வோர் இழையையும் சுற்றி ஓடும் தந்துகி இரத்தக்குழாய்கள். நிதானமான நெடுநேர வேலையில் இழைக்குள் கால்சியம் திரும்பத் திரும்ப ஏறி இறங்குகிறது, ஆற்றல் இருப்பு குறைந்துகொண்டே போகிறது. இந்த இரண்டு அறிகுறிகளையும் செல் படித்து, மைட்டோகாண்ட்ரியா கட்டும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. சில வாரங்களிலேயே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் சிட்ரேட் சிந்தேஸ் போன்ற நொதிகளின் செயல்பாடு கூடியிருப்பதைத் துணுக்கில் அளக்க முடியும். கொழுப்பை எரிக்கும் நொதிகளும் உடன் ஏறும். தந்துகிகள் பெருகும்போது இரத்தம் இழையருகே தங்கும் நேரம் நீள்கிறது, ஆக்ஸிஜன் கடக்க வேண்டிய தூரம் குறைகிறது.

இழை வகை மாறுவது அதற்குப் பிறகு. முதலில் நடப்பது 2எக்ஸ் இழைகளில் ஒரு பங்கு 2ஏ ஆவது. இதற்கு இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும். இடைப்பட்ட காலத்தில் இரண்டு வகைப் புரதத்தையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கும் கலப்பு இழைகளைப் பார்க்கலாம். அவை மாறிக்கொண்டிருப்பவை. 2ஏ-யிலிருந்து டைப் 1-க்குப் போவது அரிது. மாதக்கணக்கில் விடாமல் செய்த எண்டூரன்ஸ் பயிற்சியில்தான் அது தெரியும், அப்போதும் சிறிய அளவில்தான். ஆகவே உங்கள் தரோபிரெட் அரபுக் குதிரையாகாது. ஆனால் அதன் வேக இழைகளிலேயே பெரும்பகுதி ஆக்ஸிஜனுக்குப் பழகிய வேக இழைகளாகிவிடும். 40 கிலோமீட்டருக்கு அது தாராளமாகப் போதும். 160 கிலோமீட்டர் என்று கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். இந்தத் தீவின் கிழக்கு மேற்கு நீளமே சுமார் 50 கிலோமீட்டர்தான், அதை மூன்று முறைக்கு மேல் கடப்பது போன்ற தூரம் அது.

தசை பெரிதாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எண்டூரன்ஸ் பயிற்சியில் இழைகள் பருப்பதில்லை. தடித்த இழைக்குள் ஆக்ஸிஜன் போய்ச்சேர நேரமாகும் என்பதால் மெலிந்திருப்பதே லாபம். பந்தயக் காலத்துப் படத்தில் உருண்டு திரண்டிருந்த பின்பக்கம் சில மாதங்களில் சற்று வற்றித் தட்டையாகத் தெரியும். மகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் பயந்துபோய்த் தீனியைக் கூட்டிவிடுவாள். விலா எலும்புகள் தள்ளி நின்று பார்க்கும்போதே எண்ணும்படி தெரிந்தாலோ, முதுகுத்தண்டின் இருபக்கமும் பள்ளம் விழுந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

தசைக்கு வெளியே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் உங்கள் கை படவேண்டியது குறைவு. குதிரையின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும், உச்ச ஓட்டத்தில் 220-ஐத் தாண்டும். மண்ணீரல் சிவப்பணுக்களைச் சேமித்து வைத்திருந்து, ஓடத் தொடங்கியதும் இரத்தத்தில் பீய்ச்சிவிடும். ஓய்வில் இரத்தத்தின் 40 விழுக்காட்டை நிரப்பும் சிவப்பணுக்கள் ஓட்டத்தில் 60-ஐத் தாண்டும். மனிதனில் இந்த ஏற்பாடு பெயருக்குத்தான். பயிற்சியின் முதல் இரண்டு வாரங்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்க்கவும் இதயத்துக்கும் அது நல்லது.

எரிபொருள் கதைதான் எண்டூரன்ஸின் உயிர்நாடி. தசையில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு உண்டு. குதிரையில் அது மனிதனைவிட அடர்த்தி. அது தீர்ந்தால் குதிரை நின்றுவிடும். கொழுப்பு இருப்போ எந்தக் குதிரைக்கும் 40 கிலோமீட்டரில் தீராது. பழகிய தசை அதே வேகத்தில் கொழுப்பைக் கூடுதலாக எரித்துக் கிளைகோஜனைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குவதன் முழுப் பலன் இங்கேதான் கிடைக்கிறது. பெருங்குடலில் புல்லும் வைக்கோலும் நொதித்து வரும் கொழுப்பமிலங்களும் நாள் முழுக்க இரத்தத்துக்குள் வந்துகொண்டே இருக்கும்.

காலியான கிளைகோஜனை மனிதத் தசை நல்ல சோற்றுடன் ஒரு நாளில் நிரப்பிக்கொள்ளும். குதிரைக்கு 48 முதல் 72 மணி நேரம் ஆகும். தானியத்தைக் கொட்டினாலும் பெரிதாக விரைவாகாது, வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும்தான் வரும். ஆகவே வாரத்தில் ஒரு நீண்ட நாள் வைத்தால் அடுத்த இரண்டு நாளும் லேசான நடைதான். பள்ளி அட்டவணைக்காகச் சனி ஞாயிறு இரண்டிலும் நீண்ட சவாரி வைக்கும் வழக்கம் இங்கே உண்டு. தசையின் கணக்கில் அது தவறு. சனிக்கிழமை கூட்டுங்கள், ஞாயிறு கையில் பிடித்து நடத்துங்கள்.

தாத்தாவின் கொள்ளுக்கு வருவோம். வேகவைத்த கொள்ளு குதிரைக்குப் பழக்கமான தீனிதான், நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்திருக்கிறார்கள். வேகவைக்காமல் கொடுக்கக் கூடாது. ஆனால் அது பருப்பு வகை, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். எண்டூரன்ஸ் தசைக்குக் கூடுதல் புரதத்தால் பயனில்லை. தேவைக்கு மிஞ்சிய நைட்ரஜன் சிறுநீரில் போகும், தண்ணீர்த் தேவை கூடும், செரிமானச் சூடும் கூடும், லாயத்தில் அம்மோனியா நெடி ஏறும். இந்த ஊரில் அந்தச் சூடு வேண்டவே வேண்டாம். தாத்தாவின் மனம் கோணாமல் ஒரு கைப்பிடி கொடுங்கள். அடிப்படைத் தீனி காய்ந்த புல்லாகவே இருக்கட்டும். 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ. ஆற்றல் போதவில்லை என்றால் தானியத்தைக் கூட்டுவதற்கு முன் தவிட்டெண்ணெய் போன்ற எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். எண்ணெயை நன்றாகப் பயன்படுத்தத் தசைக்கே சில வாரம் பழக்கம் வேண்டும். பந்தயத்துக்கு முன்தினம் ஊற்றினால் வயிறுதான் கழியும்.

இப்போது கால்கள். இதைத்தான் நீங்கள் கேட்கவில்லை, நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதும் இதைத்தான். குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது, எல்லாம் தசைநாண்தான். பின்புறம் ஓடும் மேலடுக்கு மடக்குத் தசைநாண் கேலப் என்னும் முழுவேக ஓட்டத்தில் தன் நீளத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இழுபட்டு வில்போல் திரும்புகிறது. அறுந்துபோகும் எல்லைக்கு அது ரொம்பத் தள்ளியில்லை. அதன் நடுப்பகுதி 45 டிகிரி வரை சூடேறுவதை அளந்திருக்கிறார்கள். தசை நான்கு முதல் ஆறு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி முன்னேறும். வளர்ந்த குதிரையின் தசைநாண் பயிற்சியால் பெரிதாக வலுப்பெறுவதில்லை, நுண்ணிய சேதம்தான் சேர்ந்துகொண்டே போகும். எலும்பு பதில் சொல்லும், ஆனால் மாதக்கணக்கில். ஆறாவது வாரத்தில் மூச்சு வாங்காமல் ஓடும் குதிரையைப் பார்த்து உற்சாகமாகி வேகத்தைக் கூட்டும்போதுதான் பலர் முன்னங்காலைக் கெடுக்கிறார்கள். அதுவும் உங்களுடையது பந்தயத்தில் ஓடி வந்த கால். தொடங்குவதற்கு முன் இரு முன்னங்கால் தசைநாண்களுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பழைய காயம் ஏதாவது தெரிந்தால் கால்நடை மருத்துவர் சொல்லும் தூரம்தான் உங்கள் தூரம்.

இங்கே நீண்ட சவாரிப் பாதை கிடையாது என்பது இன்னொரு சங்கடம். மணல் மைதானத்தில் சுற்றிச் சுற்றி வருவதுதான் வழி. ஒரே திசையில் சுற்றினால் உட்பக்கக் கால்களுக்குச் சுமை கூடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திசையை மாற்றச் சொல்லுங்கள். மணல் ஆழமாக இருக்கும் மூலைகளில் டிராட் (நடைக்கு அடுத்த மிதமான ஓட்டம்) வேண்டாம்.

அடுத்தது வெக்கை. தசை செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் நான்கில் ஒரு பங்கு அசைவாகிறது. மீதியெல்லாம் சூடு. 500 கிலோ உடம்புக்குத் தோல் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர்தான். கிலோவுக்கு எவ்வளவு தோல் என்று பார்த்தால் மனிதனுக்குக் குதிரையைப்போல் இரண்டரை மடங்கு இருக்கிறது. ஆகவே குதிரை கொட்டோகொட்டென்று வியர்த்தே தீர வேண்டும், மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை போகும். நம் காற்றின் ஈரப்பதத்தில் அந்த வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வை குளிர்ச்சி தராது. குதிரையின் வியர்வையில் உப்பும் அதிகம். நீரும் உப்பும் சேர்ந்தே போவதால் இரத்தம் கெட்டியாவதை உடல் உணர்வதில்லை, தாகம் எடுப்பதில்லை. வறண்டுபோன குதிரை தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தினமும் உப்பு கலந்த தீனி, சவாரிக்குப் பிறகு ஒரு வாளி உப்புநீர், பக்கத்திலேயே ஒரு வாளி நல்ல தண்ணீர் வைப்பது இதனால்தான். உப்பு வெறும் சோடியம் என்று எண்ண வேண்டாம். கால்சியமும் பொட்டாசியமும் குறைந்தால் இதயத் துடிப்போடு சேர்ந்து விலாப்பக்கம் வெட்டி வெட்டி இழுக்கும், உதரவிதானம் துடிப்பது அது. அன்றைய சவாரி அத்தோடு முடிந்தது, மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

பயிற்சி நேரம் காலை எட்டு மணிக்கு முன். சிங்கப்பூர் அரசின் மைஎன்வி செயலியில் டபிள்யூபிஜிடி அளவு போடுகிறார்கள், காற்றின் சூடு, ஈரம், வெயில், காற்றோட்டம் நான்கையும் சேர்த்த எண் அது. மனிதர்களுக்கான எச்சரிக்கையில் 31-க்கு மேல் மிதம், 33-க்கு மேல் கடுமை. நான் குதிரைக்கு 30 தாண்டினாலே நடையோடு நிறுத்திவிடுவேன். சவாரி முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க நிறுத்தாமல் ஊற்றுங்கள். சூடான தசையில் குளிர்நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்று பழைய சைஸ்கள் (குதிரைப் பராமரிப்பாளர்கள்) தடுப்பார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள், அப்படி ஒன்றும் ஆகவில்லை, குதிரைகள் வேகமாகக் குளிர்ந்தன.

வியர்வை நின்றுபோகும் நோயும் ஒன்று இருக்கிறது. குளிர் நாடுகளிலிருந்து வெப்ப நாடுகளுக்கு வரும் தரோபிரெட்களுக்கு அடிக்கடி வருவது. ரோமம் காய்ந்து, மூக்கு விரிந்து, வேலை முடிந்து அரை மணியாகியும் மூச்சு இறைத்துக்கொண்டிருந்தால் அதைச் சந்தேகியுங்கள். பயிற்சியால் இது சரியாகாது. அந்தக் குதிரையை எண்டூரன்ஸுக்கு நினைக்கவே வேண்டாம்.

எவ்வளவு வேகம் என்பதற்கு இதயத் துடிப்புப் பட்டை ஒன்று வாங்கிவிடுங்கள், சேணத்துக்கு அடியில் கட்டுவது. பெரும்பாலான நேரம் 120-க்கும் 150-க்கும் நடுவில் இருக்க வேண்டும். நான் சொல்லும் தசை மாற்றங்கள் எல்லாம் இந்த அளவிலேயே நடக்கும். 200-ஐ நெருங்கினால், கடும் ஓட்டத்தில் தசையில் உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் குவியத் தொடங்கும், அந்த வேலை உங்களுக்குத் தேவையில்லை. முதல் மாதம் நடையும் இடையிடையே பத்து நிமிட டிராட்டும், வாரத்தில் நான்கு நாள். இரண்டாம் மாதம் டிராட்டை நீட்டலாம். மூன்றாம் மாதத்துக்குப் பிறகுதான் கேன்டர், டிராட்டுக்கும் கேலப்புக்கும் இடைப்பட்ட ஓட்டம். ஒரே வாரத்தில் நேரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டக் கூடாது. நின்ற பத்து நிமிடத்தில் துடிப்பு 64-க்குக் கீழே வந்தால் நல்ல அறிகுறி. போட்டிகளில் மருத்துவச் சோதனையில் பார்ப்பதும் இந்த 64-ஐத்தான். வழக்கமான வேலைக்குப் பிறகும் ஒருநாள் இறங்க மறுத்தால் அன்று எங்கேயோ வலிக்கிறது அல்லது உள்ளே சூடு தேங்கியிருக்கிறது.

மலேசியா ஆசை நியாயமானதுதான். 2008-இல் உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப்பே திரெங்கானுவில் நடந்தது. நம்மைப் போன்ற வெக்கையில் 160 கிலோமீட்டரைக் குதிரைகள் முடித்தன. வென்றது ஸ்பெயினின் மரியா மெர்சிடிஸ் அல்வாரெஸ் பொன்டன், நோபி என்ற குதிரையில். அதே ஜோடி 2010-இல் கென்டக்கியிலும் வென்றது. உங்கள் குதிரைக்கு ஒழுங்கான எட்டு ஒன்பது மாதம் கொடுங்கள். எல்லை தாண்டிக் குதிரையைக் கொண்டுபோவதன் அனுமதிகளும் தனிமைப்படுத்தலும் தனித் தலைவலி. அங்கேயே பழகிய குதிரை ஒன்றை மகள் ஓட்டுவது மலிவாகவும் முடியலாம்.

கடைசியாக டிசம்பர். மூன்று வாரத்தில் பெரிதாக ஒன்றும் போகாது. ஆக்ஸிஜன் பயன்படுத்தும் உச்சத் திறனைக் குதிரை மனிதனைவிட நன்றாகத் தக்கவைத்துக்கொள்ளும், ஒரு மாத ஓய்வில் சிறிதுதான் குறையும். நொதிகள் கொஞ்சம் இறங்கும், சீக்கிரம் திரும்ப ஏறும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வேலையை நிறுத்திவிட்டு முழுத் தானியத்தையும் தொடர்ந்தால், திரும்பவும் ஓட்டும் முதல் நாளில் பின்பக்கத் தசை கல்லாக இறுகி, குதிரை வியர்த்து நடுங்கி நகர மறுக்கும். சில குதிரைகளுக்குப் பிறப்பிலேயே இந்தச் சாய்வு உண்டு. சிறுநீர் கோப்பி நிறத்தில் வந்தால் தசை உடைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்று பொருள், நகர்த்தாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். அதனால் புறப்படும் அன்றே தானியத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கச் சொல்லி லாயத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தினமும் அரை மணி நேரமாவது யாராவது கையில் பிடித்து நடத்தட்டும். திரும்பி வந்ததும் முதல் வாரம் நடையும் பாதித் தூர டிராட்டும் மட்டும், தானியத்தை அதன்பிறகு மெல்லக் கூட்டுங்கள்.